நோயுற்ற மாட்டுக்குப் பணிவிடை

கறவை மாடு வைத்திருக்கும் நம் விவசாயிகள் மாட்டுக்கு நோய் கண்டால் டாக்டரைத் தேடி ஓடத் தயங்குவதில்லை. ஆனால் டாக்டர் கொட்டிலில் இருப்பது கால் மணி நேரம் அல்லது அரை மணி நேரம்தான். மற்ற நேரம் முழுவதும் மாடு வீட்டாரின் கையில்தான் இருக்கிறது. மருந்து புகட்டுவதும், புண் கழுவுவதும், விழுந்த மாட்டைப் புரட்டிப் படுக்க வைப்பதும் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்களின் வேலையாகி விடுகிறது. கால்நடை மருந்தகத்தில் உதவியாளர்கள் பழகிச் செய்யும் சிறு வேலைகள் சிலவற்றை வீட்டாரும் முறையாகத் தெரிந்து கொண்டால் பல மாடுகளைக் காப்பாற்றலாம். நோயினால் அல்லாமல், பணிவிடையில் நேரும் தவறினால் சாகும் மாடுகள் நாம் நினைப்பதை விட அதிகம்.

வெப்பநிலை பார்த்தல்

காதைத் தொட்டுப் பார்த்து, "சூடாயிருக்கிறது, காய்ச்சல்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. வெயிலில் கட்டிய மாட்டின் காது எப்போதும் சூடாகத்தான் இருக்கும். காய்ச்சலை அளக்க ஒரே வழி ஆசனவாயில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பதுதான்.

நல்ல நிலையிலுள்ள பசுவுக்கு வெப்பநிலை சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். அரை டிகிரி, ஒரு டிகிரி கூடக் குறைய இருப்பது இயல்பு. எருமைக்குச் சற்றுக் குறைவு. ஆட்டுக்கு 102 முதல் 104 வரை இருக்கலாம். ஆகவே பசுவின் கணக்கை ஆட்டுக்குப் போட்டு வீணாகப் பயப்பட வேண்டியதில்லை. காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும். கலப்பினப் பசுவைச் சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் 103 கூடக் காட்டும். நிழலில் கட்டி ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பதே சரியாகும்.

பாதரச வெப்பமானியாயின் உதறிப் பாதரசத்தை 95-க்குக் கீழே இறக்கிக் கொள்ள வேண்டும். முனையில் சிறிது எண்ணெயோ சோப்போ தடவி, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மெல்லத் திருகியபடி உள்ளே செலுத்தி, முனை குடற்சுவரைத் தொடும்படி சற்றுச் சாய்த்துப் பிடித்து இரண்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும். சாணத்துக்குள் குத்தி வைத்தால் சாணத்தின் சூட்டைத்தான் காட்டும். டாக்டர் கைவிட்டுச் சோதித்த உடனே பார்த்தாலும் உள்ளே காற்று புகுந்திருப்பதால் குறைவாகக் காட்டும். வெப்பமானியின் மறுமுனையில் ஒரு நூலைக் கட்டி வைத்துக் கொள்வது நல்லது. அது உள்ளே நழுவிப் போவதும், கீழே விழுந்து உடைவதும் அடிக்கடி நடப்பவை. பார்த்து முடித்ததும் குளிர்ந்த நீரிலேயே கழுவ வேண்டும். வெந்நீரில் கழுவினால் பாதரசம் விரிந்து கண்ணாடி வெடித்துவிடும். இப்போது கிடைக்கும் எண் காட்டும் வெப்பமானியில் இந்தத் தொல்லை இல்லை. ஓசை வரும் வரை பொறுத்திருந்தால் போதும்.

காய்ச்சல் இருந்தால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். கன்று போட்ட ஓரிரு நாளில் படுத்துவிட்ட பசுவுக்கு 100-க்குக் கீழே இறங்கிக் காதும் கொம்படியும் சில்லிட்டிருந்தால், அது 104 டிகிரிக் காய்ச்சலை விட அவசரமான நிலை.

மருந்து புகட்டுதல்

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கால்நடை மருந்தகங்களுக்கு வரும் மாடுகளில், வயிற்று உப்புசத்துக்கோ சளிக்கோ வீட்டிலேயே ஏதாவது புகட்டி, அது நுரையீரலுக்குள் போய், மூச்சு வாங்கிக் கொண்டு வருபவை உண்டு. முதலில் இருந்த நோய் இரண்டு நாளில் தானாகக் கூட ஆறியிருக்கும். புகட்டியதால் வந்த நோய் பெரும்பாலும் ஆறுவதில்லை.

காரணம் எளிது. தொண்டையில் உணவுக்குழலின் வாயும் மூச்சுக்குழலின் வாயும் அருகருகே இருக்கின்றன. மாடு விழுங்கும்போது மூச்சுக்குழல் தானாக மூடிக் கொள்கிறது. விழுங்க முடியாதபடி நாம் செய்துவிட்டால் அது மூடுவதில்லை. நம் ஊர்களில் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை வானம் பார்க்கத் தூக்குகிறார். இன்னொருவர் நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்கிறார். மூன்றாமவர் மூங்கில் குழாயையோ புட்டியையோ வாயில் செருகி ஒரே மூச்சில் கவிழ்க்கிறார். தலை தூக்கியிருக்கும்போது, நாக்கும் வெளியே இருந்தால், மாடு எப்படி விழுங்கும்? நாமே வாயைத் தலைக்கு மேல் தூக்கி, நாக்கை நீட்டிக் கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பார்த்தால் தெரியும்.

சரியான முறை இது. மாட்டை நின்ற நிலையில் கட்டிக் கொள்ள வேண்டும். அதன் வலப்பக்கம், அது பார்க்கும் திசையையே பார்த்தபடி, தோளையொட்டி நின்று, இடக் கையால் முகத்தை அணைத்துப் பிடிக்க வேண்டும். மூக்கு முதுகின் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. தாடை தரைக்கு இணையாக இருந்தால் போதும். வாயின் ஓரத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி உண்டு. புட்டியின் கழுத்தை அதன் வழியே நுழைத்து, ஒரு மடக்கு அளவு ஊற்றி நிறுத்த வேண்டும். தொண்டை அசைவதைப் பார்த்த பின்பே அடுத்த மடக்கு. நாக்கைப் பிடிக்கவே கூடாது. மாடு இருமினால் அந்தக் கணமே தலையை விட்டுவிட வேண்டும். மாடு தலையைத் தாழ்த்திக் கொண்டு இருமினால் உள்ளே தவறியது வெளியே வர வழி உண்டு. "இன்னும் கொஞ்சம்தான், முடித்து விடுவோம்" என்று பிடித்து வைப்பதில்தான் மாடு போய்விடுகிறது.

கண்ணாடிப் புட்டியைப் பயன்படுத்தக் கூடாது. கடித்து உடைத்தால் வேறு வினை வேண்டாம். பிளாஸ்டிக் புட்டி நல்லது. அதன் கழுத்தில் சிறிது ரப்பர்க் குழாயை மாட்டிக் கொண்டால் இன்னும் நல்லது.

ஒரு பயிற்சி முகாமில் வயதான அம்மாள் ஒருவர் எழுந்து, "தலையைத் தூக்காம ஊத்துனா பாதி மருந்து வெளியில ஒழுகிடுமே, அய்யா?" என்று கேட்டார். ஒழுகத்தான் செய்யும். அதற்கென்று கொஞ்சம் கூடுதலாகக் கலந்து கொள்ளலாம்; எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். ஒழுகிய மருந்தின் விலை சில ரூபாய்.

எண்ணெயில் இருமடங்கு எச்சரிக்கை தேவை. நீர் தவறிச் சென்றால் மாடு இருமி நமக்குக் காட்டிக் கொடுக்கும். எண்ணெய் வழவழப்பாக இருப்பதால் இருமலைத் தூண்டாமலேயே மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நுரையோடு கூடிய உப்புசத்துக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ கொடுப்பது நல்ல வைத்தியம்தான். கொடுக்கும் முறைதான் முக்கியம். இயன்றால் டாக்டரைக் கொண்டு வயிற்றுக் குழாய் வழியாகச் செலுத்துவதே மேல்.

மூலிகை மருந்து கொடுப்போர் அதை நீராகக் கரைத்துப் புகட்டுவதை விட, பனைவெல்லம் சேர்த்து அரைத்துச் சிறு உருண்டைகளாக்கி, கல் உப்பில் தொட்டு நாக்கில் தேய்த்துவிடலாம். மாடு தானே நக்கி விழுங்கும். இதில் நுரையீரலுக்குப் போகும் பயம் மிகக் குறைவு.

படுத்துக் கிடந்து, கழுத்தை விலாப்பக்கம் மடக்கி, நினைவு மங்கிய மாட்டுக்கு வாய் வழியாக எதையும், வெறும் தண்ணீரைக் கூட, புகட்டக் கூடாது. அதற்கு விழுங்கும் சக்தி இல்லை. கன்று போட்டுப் படுத்த பசுவுக்குக் கஞ்சியும் கருப்பட்டித் தண்ணீரும் ஊற்றுவது அன்பினால் செய்வதுதான். ஆனால் டாக்டர் வந்து ஊசி போட்டு எழுப்பிய பின், மூன்றாம் நாள் அதே பசு நுரையீரல் அழற்சியால் சாகிறது.

வாயில் கையை விடும் முன்

எச்சில் வடிய, விழுங்க முடியாமல், தொண்டையில் ஏதோ சிக்கியது போல நிற்கும் மாட்டைக் கண்டதும் கையை விட்டுத் துழாவுவது நம் வழக்கம். மாங்கொட்டையோ கிழங்கோ அடைத்திருக்கலாம். வெறிநோயாகவும் இருக்கலாம். வெறிநோய் கண்ட மாடு எல்லாமே முட்ட வராது. சில மாடுகள் எச்சில் ஒழுக்கியபடி, குரல் மாறி, அடிக்கடி கத்திக் கொண்டு, பின்னங்கால் தள்ளாடி நிற்கும். அந்த எச்சிலில் நோய்க் கிருமி இருக்கிறது. கையிலுள்ள சிறு கீறல் போதும் அது உள்ளே நுழைய. ஐயமுள்ள மாட்டின் வாயில் வெறுங்கையை விடாதீர்கள். விட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். மாடு சாகிறதா என்று பார்த்துக் காத்திருக்கக் கூடாது. இந்த நோய் மனிதருக்கு வெளிப்பட்டு விட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

பாட்டிலைப் பிடிப்பவர்

பால் காய்ச்சல் என்பது பெயருக்குத்தான் காய்ச்சல். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைவதால் வருவது. மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, நன்றாகக் கறக்கும் பசுக்களில், பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் காணும். டாக்டர் கழுத்து நரம்பில் ஊசியைக் குத்தி, 450 மில்லி கால்சியம் பாட்டிலைக் குழாயில் மாட்டிவிட்டு, "இதைப் பிடியுங்கள்" என்று நம் கையில்தான் கொடுப்பார். அந்தக் கால் மணி நேரம் பாட்டிலைப் பிடிப்பவரும் வைத்தியர்தான்.

பாட்டிலை உயரத் தூக்கினால் மருந்து வேகமாக இறங்கும். தாழ்த்தினால் மெதுவாக இறங்கும். கால்சியம் வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடக் கூடும். ஆகவே கை வலிக்கிறது, வேலை இருக்கிறது என்று உயர்த்தி முடித்துவிடப் பார்க்கக் கூடாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுக் கொண்டிருப்பது இதற்காகவே. அவர் "தாழ்த்து" என்றதும் ஏன் என்று கேட்காமல் தாழ்த்த வேண்டும். மார்கழிக் குளிரில் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து, உடல் சூட்டுக்குக் கொண்டு வந்த பின்பே ஏற்றுவது நல்லது. டாக்டர் வரும் முன்பே ஒரு வாளி வெந்நீரைத் தயாராக வைத்திருந்தால் அவரும் மகிழ்வார். ஊசி குத்திய இடத்தில் வீக்கம் எழும்பினால் மருந்து நரம்புக்கு வெளியே போகிறது என்று பொருள். உடனே சொல்ல வேண்டும். பாட்டில் தீரும் தறுவாயிலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மருந்து ஏறும்போதே உடல் நடுங்குவது, ஏப்பம் விடுவது, சாணம் போடுவது, சிறுநீர் கழிப்பது எல்லாம் நல்ல அறிகுறிகள். பல பசுக்கள் கண்ணெதிரே எழுந்து நிற்கும். எழுந்ததும் மடியை ஒட்டக் கறந்துவிடாதீர்கள். முதல் நாள் கன்றுக்கு வேண்டிய அளவு மட்டும் கறந்தால் போதும்.

எழாத பசுவுக்குத்தான் உண்மையான பணிவிடை தேவைப்படுகிறது. நானூறு கிலோ எடையுள்ள பசு ஒரே பக்கமாகப் படுத்தால், அடியில் அகப்பட்ட தொடையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே தசை கெடத் தொடங்குகிறது. பிறகு இரத்தத்தில் கால்சியம் சரியானாலும் கால் எழ உதவாது. ஆகவே குறைந்தது நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் கூட, மறுபக்கம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வீட்டில் இருவர் முறை வைத்துக் கொண்டு செய்யலாம். சிமெண்டுத் தரையில் கிடந்தால் முதல் வேலையாக மண் தரைக்கு மாற்றி, மணலோ வைக்கோலோ ஒரு முழ உயரத்துக்குப் பரப்ப வேண்டும். ஒருக்களித்து நீட்டிப் படுக்க விடாமல், நெஞ்சு தரையில் படியும்படி நிமிர்த்தி, இரு பக்கமும் வைக்கோல் அடைத்த சாக்குகளை அண்டை கொடுக்க வேண்டும். நீட்டிப் படுத்தால் வயிறு உப்பும். வாய்க்கு வந்த தீவனம் மூச்சுக்குழலில் இறங்கும்.

எழ முயலும்போது பின்னங்கால்கள் இரண்டும் அகன்று வழுக்கிப் போகிற பசுவுக்கு, கணுவுக்கு மேல் மெத்தென்ற கயிறு கொண்டு, இரண்டு அடி இடைவெளி இருக்கும்படி கால்களைப் பிணைத்து விடலாம். வயிற்றுக்கு அடியில் கயிறோ கம்போ கொடுத்து நாலு பேர் தூக்குவது கூடாது. எலும்பும் தசையும் அதில்தான் முறிகின்றன. தலைமாட்டில் தண்ணீர், வாய்க்கு எட்டும் இடத்தில் பசும்புல், மேலே நிழல் இருக்கட்டும். கண் தெளிவாக இருந்து, தானாகத் தின்று கொண்டிருக்கும் பசு ஐந்தாறு நாள் கழித்தும் எழுவதுண்டு. இரண்டாம் நாளே "இனித் தேறாது" என்று புரோக்கருக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

ஊசியும் தடுப்பூசி மருந்தும்

ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை மற்றொரு மாட்டுக்குப் போடக் கூடாது. ஊசி முனையில் ஒட்டிய துளி இரத்தத்தின் மூலம் சிவப்பணுக்களைத் தாக்கும் கிருமிகள் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. தெருவில் தடுப்பூசி முகாம் நடக்கும்போது மாட்டுக்கொரு ஊசி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சப்பட வேண்டாம்.

கொதிநீரில் அரை மணி நேரம் போட்டெடுத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்பது தவறு. அடைப்பான், வில்வாதம் போன்ற நோய்களின் வித்துக்கள் கொதிநீரையும் தாங்கும். அதனால்தான் மருந்தகத்தில் அறுவைக் கருவிகளை ஆவி அழுத்தக் கலத்தில் 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தெடுக்கிறார்கள். உங்கள் வீட்டுக் குக்கரும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். உறையவும் கூடாது என்பது தெரிவதில்லை. கோமாரித் தடுப்பு மருந்து பனிக்கட்டியாக உறைந்து போனால் பயன் கெட்டுவிடும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பனிக்கட்டி அறைக்குள்ளோ அதை ஒட்டியோ வைக்காதீர்கள். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். அதே திட்டத்தில் நாலு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி வாழ்நாளில் ஒரே முறை போடப்படுகிறது. இது உயிருள்ள கிருமி கொண்ட மருந்து. மனிதருக்கும் நோய் தரக் கூடியது. கன்றைப் பிடிப்பவர் இறுகப் பிடிக்க வேண்டும். ஊசி தவறிக் கையில் பட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மடிக்கு மருந்து ஏற்றுதல்

மடி வீக்கத்துக்குத் தரும் குழாய் மருந்தை ஏற்றுமுன் அந்தக் காம்பை ஒட்டக் கறந்து கீழே விடாமல் ஒரு பாத்திரத்தில் பிடித்துக் கொட்டிப் புதைக்க வேண்டும். காம்பு நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைக்க வேண்டும். ஒரு காம்புக்கு ஒரு பஞ்சு. துடைக்கும்போது தூரத்துக் காம்புகளிலிருந்து தொடங்கி, ஏற்றும்போது பக்கத்துக் காம்புகளிலிருந்து தொடங்கினால், துடைத்த காம்பில் நம் கை படாது. குழாயின் முனையை முழுதும் திணிக்க வேண்டியதில்லை; நுனி நுழைந்தாலே போதும்.

அடைத்த காம்பில் வேப்பங்குச்சியையும் துடைப்ப ஈர்க்கையும் செருகிக் குடையும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அந்தக் காம்பை அன்றோடு மறந்துவிட வேண்டியதுதான். பால் குழல் செருகுவதானாலும் கிருமி நீக்கிய குழலாக, டாக்டர் கையால் நடக்கட்டும். மருந்து ஏற்றிய நாட்களில், மருந்துச் சீட்டில் குறித்த காலம் முடியும் வரை, எந்தக் காம்பின் பாலையும் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது.

புண்ணும் வலி மருந்தும்

புண்ணைக் கழுவ, வாளி நீரில் சில துகள் பொட்டாசியம் பர்மாங்கனேட் போட்டு, வெளிர் ரோஜா நிறம் வந்தால் போதும். கருஞ்சிவப்பாகக் கரைத்தால் புண் வெந்து போகும். புழு வைத்த புண்ணில் டர்பன்டைன் எண்ணெய் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் அடைத்தால் புழுக்கள் வெளியே தலை காட்டும். இடுக்கியால் ஒன்று விடாமல் எடுத்த பிறகே மருந்து போட வேண்டும். புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது.

மனிதருக்கான வலி மாத்திரை, ஊசிகளைக் கடையில் வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள். டைக்ளோபினாக் மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்துவதை 2006-லேயே தடுத்துவிட்டார்கள். அந்த ஊசி போட்டபின் இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததே காரணம். நீலகிரி மாவட்டத்து மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கும் இதே ஆபத்து உண்டு. வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது. அளவை டாக்டர் சொல்வார்.

கொட்டில் கூரையில் ஒரு நோட்டுப் புத்தகம் செருகி வைத்திருங்கள். கன்று போட்ட தேதி, சினை ஊசி போட்ட தேதி, காலை மாலை வெப்பநிலை, அசை போட்டதா, சாணம் எப்படி, என்ன மருந்து எத்தனை மணிக்குப் புகட்டியது என்று எழுதி வாருங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே இதை எழுதலாம். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும்போது, "மாடு முடியாமல் இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல் அந்த நோட்டைப் பார்த்து வாசித்தால், டாக்டர் வண்டியில் ஏறும்போதே எந்தப் பாட்டிலை எடுத்துக் கொள்வது என்று தெரிந்து கொள்வார்.